விரதக்காரியின் தட்டு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பாசீர் கூடாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றபடியே ஆட்களை மேய்த்தவள் நான். ஓடிக்கொண்டிருந்தால் முழங்கால் ஒன்றும் சொல்லாது, உட்கார்ந்தால்தான் முனகும். ரிட்டையர் ஆனதும் அங்கம்மா வீட்டோடு கிடப்பாள் என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் தப்பு.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பதினான்கு மாடி மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. கொரோனா முடக்கத்தில் தொழிற்சாலைகள் மூடி, மாடிக்கு மாடி அடுப்பு அணைந்துபோனபோது, அந்த மண்டபத்தில் முதல் அண்டா சோற்றை வடித்தவள் நான்தான். நோய் போய்விட்டது. பசி போகவில்லை. இப்போது திங்கள் முதல் சனி வரை தினமும் மதியம் நூற்று நாற்பது பொட்டலம். ஞாயிறன்று மண்டபத்தைப் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று வாடகைக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு அடுப்பு இல்லை.

நூற்று நாற்பது பேருக்குச் சோறு போடுகிறவளுக்குச் சட்டம் வேண்டும். என்னிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன.

பட்டியலில் பெயர் ஏற வேண்டுமென்றால் நான் வீட்டுக்கு வந்து அரிசி டின்னைத் திறந்து பார்ப்பேன். இது முதல் சட்டம். கார் வைத்திருந்த ஒருவன் மூன்று மாதம் எங்களிடம் பொட்டலம் வாங்கித் தன் நாய்க்குப் போட்டான். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் யார் வாயையும் நம்புவதில்லை, நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கிவிடுவேன்.

இரண்டாவது சட்டம் சமையலுக்கு உதவ வருகிறவர்களுக்கு. பதினொன்றரை மணிக்கு, பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், எல்லாரும் மண்டபத்திலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். தாப்பாவ் கிடையாது, ஒரு பருக்கை வீட்டுக்குப் போகக்கூடாது. முன்பு உதவிக்கு வந்த ஒருத்தி கைப்பையில் தினம் எட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கட்டுமான இடத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். அதற்காகப் போட்ட சட்டம். விரதம் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பங்கை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். சாமிக்காகச் சாப்பிடாமல் இருப்பவளின் சோற்றை நான் குப்பையில் கொட்டினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அந்த விலக்கில்தான் ரூபினி பிழைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தெரியவில்லை.

ரூபினிக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பதாவது மாடி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். ஜனவரியில் தானாக வந்து நின்றாள். பத்துக் கிலோ வெங்காயத்தைக் கண்ணீர் விடாமல் நறுக்குவாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் பட்டியல் நோட்டை அவளிடம் கொடுத்தேன். நான் வீடு வீடாகப் போய் டின்னைத் திறக்க, அவள் வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி நான் சொல்வதை எழுதுவாள். உள்ளே கூப்பிட்டால் வர மாட்டாள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

அவளுடைய ஒன்பதாவது மாடிக்கு நாங்கள் போன அன்றைக்கு அவள் வீட்டு எண்ணையும் நான் சொல்லித்தான் அவள் எழுதினாள். "சிங்கப்பூர். தேவையில்லை." அவள் கணவன் மதிவாணன் தினம் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். எங்கள் ஊரில் சிங்கப்பூர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுடைய விரதம் மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் செவ்வாயும் வெள்ளியும். பிறகு சனி சேர்ந்தது. பிறகு பிள்ளைகள் படிப்புக்காக வியாழன். ஏகாதசி, பிரதோஷம், கார்த்திகை என்று இடையிடையே வந்துகொண்டே இருந்தன. நான் பூரித்துப்போனேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அவளுடைய தட்டில் நானே கை நிறைய அள்ளி வைப்பேன். அவள் அதைத் தூக்குச் சட்டியில் மாற்றி, மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்துப் போவாள். 'விரதக்காரி தட்டு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. நாராயணன் செட்டியார் வேனில் வந்து இறங்கினார். ஜொகூர் பாருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். மாதாமாதம் எங்களுக்கு அரிசி அவருடையது. அன்றைக்கு நாற்பது கோழியும் கொண்டுவந்திருந்தார்.

"என்ன அங்கம்மா, எல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க. ரூபினி, வாடி இங்க. செட்டியார் கோழி கொண்டாந்திருக்காரு, இன்னிக்காவது ஒரு கை சாப்பிட்டுப் போ."

ரூபினி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "இன்னிக்கு சஷ்டிக்கா."

"அலமாக், கோழி வர்ற அன்னிக்கா சஷ்டி வரணும்!" என்று பக்கத்தில் ஷர்மினி சிரித்தாள். ஷர்மினி எங்கள் கூட்டத்தின் வாயாடி, என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

செட்டியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இந்த மாதிரி பொண்ணுங்க சமைக்கிறதாலதான் இந்தச் சோறு பிரசாதம் மாதிரி இருக்கு" என்றார். ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் தூக்குச் சட்டியில் நான்கு துண்டு கோழி வைத்தேன், பிள்ளைகளுக்கு என்று.

எல்லாரும் போன பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். மண்டபத்துச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி ஒன்று ஆணியில் தொங்குகிறது. விரத நாட்களில் கறி வைத்தால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்பதால் அதைப் பார்த்துத்தான் நான் சமையல் போடுவேன். வெள்ளிக்கிழமையிலிருந்து கிழிக்க மறந்திருந்தது. மூன்று தாளைக் கிழித்துத் திங்கட்கிழமைக்கு வந்தேன். சஷ்டி இல்லை. தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அடுத்து வரும் வெள்ளிக்கிழமைத் தாளில் சிவப்பு எழுத்தில் இருந்தது, சஷ்டி விரதம்.

பாவம், நாள் தவறி விரதம் இருந்துவிட்டாளே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. மறுநாள் அவள் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன்.

"ரூபினி, நேத்து சஷ்டி இல்லடி. வர்ற வெள்ளிக்கிழமதான். வீணா பட்டினி கெடந்துட்டியே."

அவள் முகத்தில் ஏதோ ஓடியது. "அப்படியாக்கா? மாத்திப் பார்த்துட்டேன் போல."

"சரி, இன்னிக்கு சாப்பிடு."

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை இல்ல?"

ஷர்மினி கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். "திங்கள் சஷ்டி, செவ்வா முருகன், போன வாரம் புதன் ஏகாதசின்னாங்க, வியாழன் பிள்ளைங்க படிப்பு, வெள்ளி அம்மன், சனி பெருமாள். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரூபினி இங்க சாப்பிடலாம் போல லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அடுப்பு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். இந்தப் பெண் என் கண் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டு நான் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசிக்க யோசிக்கப் பிடிபடவில்லை. அவளுடைய வளையல்கள் வெங்காயம் நறுக்கும்போது முழங்கை வரை ஏறி இறங்குவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். சேச்சே, சிங்கப்பூர் சம்பளம் வருகிற வீடு, அவளுக்கு என்ன குறை என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

அன்று மாலை மூன்று மணிக்குக் கெலாங் பாத்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு காய்கறி மொத்தக் கடைக்காரர் விற்காமல் மிஞ்சுகிற கீரை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் செவ்வாய்தோறும் எங்களுக்குக் கொடுத்துவிடுவார். செல்வாவின் வேனில் போனேன். செல்வா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், எங்களுக்குப் பெட்ரோல்கூடக் கேட்காமல் வருவான். சிக்னலில் வண்டி நின்றபோது பேருந்து நிறுத்தக் கூரைக்குக் கீழே ஏழெட்டு ஆண்கள் குந்தியிருந்தார்கள். அன்றாட வேலைக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று காத்திருக்கிறவர்கள். மூன்று மணிக்கு மேல் எந்த லாரி வரப்போகிறது?

ஓரமாக, வலது காலை நீட்டியபடி, ஒளிரும் பட்டை போட்ட ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் மதிவாணன் உட்கார்ந்திருந்தான்.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி முகக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டான். வண்டியில் ஏறவில்லை, எங்கேயும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஹெல்மெட்டுக்குள் ஒளிந்துகொண்டான்.

"செல்வா, அது நம்ம மதிதானே?"

செல்வா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆமாக்கா. மார்ச் மாசம் மழையில மோட்டார் சறுக்கிருச்சு. முட்டி பிசகி ஒரு வாரம் போக முடியல. வேலை பெர்மிட்ட கட் பண்ணிட்டாங்க. இப்ப யாரும் வேலைக்கு எடுக்க மாட்றாங்க, நொண்டுறாரு இல்ல? காலைல நாலரைக்கே கெளம்பி இங்க வந்து ஒக்காந்துருவாரு."

"எதுக்கு நாலரைக்கு?"

"பிளாட்டுல தெரிஞ்சிடும்னுதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க பார்த்ததா காட்டிக்காதீங்க."

விடியற்காலையில் என் சன்னலுக்குக் கீழே அந்த மோட்டார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, ஓ, சிங்கப்பூர் வண்டி போகிறது, எழுந்திரிக்க நேரமாச்சு என்று நான் பாயைச் சுருட்டுவேன். இரண்டு மாதமாக ஒரு பொய்யைக் கேட்டுக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம்தான் அது. இப்போது தெரிகிறது. அப்போது அது வழி மாறி அவள் மேல் போய்விட்டது. தினம் பக்கத்தில் நிற்கிறாள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நூற்று நாற்பது பேரின் பசி தெரிந்த அங்கம்மா, பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கியவளின் பசியைக் காணவில்லை என்று நாளைக்கு ஊர் சிரிக்காதா? ஊர் சிரிப்பதைப் பற்றித்தான் எனக்கு முதலில் கவலை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு எல்லாரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். ரூபினி தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இன்னிக்கு விரதம்கா" என்றாள்.

"எந்த சாமிக்கு?" என்றேன்.

அவள் தூக்குச் சட்டியின் மூடியை அழுத்தினாள்.

"சொல்லுடி. புதன்கிழமைக்கு எந்த சாமி? பொய் சொல்றதுக்கு உனக்கு சாமிதான் கெடைச்சுதா? செட்டியாரு உன்னையக் கும்பிட்டுட்டுப் போறாரு! மதி சிங்கப்பூர் போறதில்லைன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

ஷர்மினியின் வாய் திறந்தபடி இருந்தது. சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மனிதன் ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்ததை நான் இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன் என்று. வாயைவிட்டு வந்ததை எங்கே போய்ப் பொறுக்குவது?

ரூபினி அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"விரதம் இருந்தா தட்டை வீட்டுக்குக் கொண்டு போலாம்னு நீங்கதானேக்கா சட்டம் போட்டீங்க. ஒரு தட்டுதான் எடுத்தேன். என் தட்டு மட்டும்தான். அதத்தான் மூணு பேரும் சாப்பிட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருந்தா பேர எழுதியிருக்க மாட்டேனா?"

"சொன்னா மேல வருவீங்க." முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். "டின்னைத் தொறப்பீங்க. என் பிள்ளைங்க பார்த்துக்கிட்டு நிக்கும்."

ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து மேசை மேல் வைத்தாள். தூக்குச் சட்டி காலியாகவே கையில் தொங்க, நடந்து போய்விட்டாள்.

ஆறாவது மாடியில் லக்ஷ்மி என்று ஒருத்தி இருக்கிறாள். பிப்ரவரியில் அவள் வீட்டில் நான் மூடியைத் தூக்கியபோது அவளுடைய சின்னப் பிள்ளை, "ம்மா, இவங்க ஏன் நம்ம டின்ன பார்க்குறாங்க?" என்று கேட்டது. லக்ஷ்மி பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நான், "கால் டின். எழுதிக்க" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். பேனா ஓடும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரூபினி செருப்பு அலமாரியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "என்னடி, காது கேக்கலையா?" என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். அறுபது வீட்டுக்கு அந்தப் பெண் என்னோடு வந்திருக்கிறாள். அறுபது மூடி திறப்பதைக் கேட்டிருக்கிறாள். தன் வீட்டுக் கதவை நான் தட்டினால் என்ன நடக்கும் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. விரதமெல்லாம் இல்லை, இறங்கவில்லை. தட்டு முன்னால் வந்தால் அந்தத் தூக்குச் சட்டி ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெங்காயம் நறுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. நேரத்துக்குப் பதினைந்து பொட்டலம் கட்டி முடியாமல், வரிசையில் காத்து நின்றவர்களுக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்துச் சமாளித்தோம். இரண்டு மணிக்கு என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. ஒன்பது மாடி. கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அரிசி மூட்டையோடு போனால், பார், நீ ஏழை என்று எழுதிக் கொண்டுபோய் வாசலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். ஏழாவது மாடியில், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

தட்டினேன். ரூபினி திறந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கவும் இல்லை, மலரவும் இல்லை. "உள்ள வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். பிஸ்கட் படம் போட்ட பழைய தகர டின் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில், என் காலடியில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

"பாருங்கக்கா. அதுக்குத்தானே வந்தீங்க."

அறுபது டின் பார்த்தவள் நான். அந்த ஒரு டின்னைப் பார்க்க முடியவில்லை. காற்றாடியைப் பார்த்தேன், சாமி படத்தைப் பார்த்தேன், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காய்வதைப் பார்த்தேன். அப்படியே குனிந்து, தடவித் தடவி மூடியை எடுத்து டின்னை மூடினேன். உள்ளே எவ்வளவு இருந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு தரையில் உட்கார்ந்தேன். உட்காரத் தெரியாதவள் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பசிக்குதுடி. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. சோறு இருந்தா போடு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம் ஆட்களிடம், எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும், வாசலில் வந்து சோறு கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது தெரிந்துதான் கேட்டேன். ஆனால் பசியும் பொய் இல்லை.

அடுப்படியில் கரண்டி பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. தட்டு வந்தது. சோறு, மேலே கொஞ்சம் கிச்சாப், அந்தக் கறுப்பு சோயா சாஸ் ஊற்றி, பக்கத்தில் பாதி முட்டைப் பொரியல், ஒரு வறுத்த மிளகாய். மற்றப் பாதி முட்டை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"உனக்கும் ஒரு தட்டு கொண்டா" என்றேன்.

"இல்லக்கா, இன்னிக்கு வியாழக்கெழ..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். பழக்க தோஷம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். நான் அழுகிறவள் இல்லை.

"நீ சாப்பிடாம நான் இந்தத் தட்டைத் தொட மாட்டேன். சொல்லிட்டேன்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தட்டு கொண்டுவந்தாள். என் சோற்றில் பாதியைத் தள்ளினேன். அந்தப் பாதி முட்டையையும் பாதியாக்கினேன். முதல் வாயை அவள் வெகு நேரம் மென்றாள். பிறகு வேகமாகச் சாப்பிட்டாள், குனிந்த தலை நிமிராமல். அது பிள்ளைகளுடைய சோறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, வைத்தால் அது அவளை அவமானப்படுத்துவது.

"நேத்து எல்லார் முன்னாடியும் நான் கத்தினது தப்பு. மதிகிட்டயும் நான் வந்து சொல்றேன்."

"அவரு ராத்திரி பூரா பேசவே இல்லக்கா."

"வேன் கணக்கு வழக்கு பார்க்குறதுக்கு ஆள் வேணும்னு செல்வாவோட முதலாளி சொல்லிட்டு இருந்தாராம். ஒக்காந்து பார்க்குற வேலை. நான் எதுவும் சத்தியம் பண்ணல. கேட்டுப் பார்க்குறேன்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"நாளைக்கு வரேன். ஆனா நோட்டுல என் பேர எழுத வேணாம்."

"எழுதுறதுக்கு நோட்டு இருந்தாத்தானே" என்றேன்.

கீழே இறங்கியதும் நோட்டைக் கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. அட்டையைப் பார்த்தபடி அரை மணி நேரம் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாய்க்குச் சோறு போட்டவன் மறுபடி வந்தால்? எட்டுப் பொட்டலம் விற்றவள் மறுபடி வந்தால்? வரட்டும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. கடைசியில் நோட்டை அரிசி மூட்டைக்கு அடியில் திணித்தேன். இனி மேல் யார் வீட்டு அடுப்படிக்கும் நான் போவதில்லை. வரிசையில் நிற்கிறவன் பசித்தவன், அவ்வளவுதான். உதவிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத் தாப்பாவ் பண்ணிக்கொள்ளலாம். சாமி பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஷர்மினியிடம் சொன்னபோது, "அக்காவுக்கு காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. மண்டபக் கமிட்டியோடு அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மணிக்கே மண்டபத்தைத் திறந்தேன். விளக்கைப் போட்டதும் நாட்காட்டிதான் கண்ணில் பட்டது. வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தேன். அடியில் சிவப்பு எழுத்து என்னைப் பார்த்து நின்றது, சஷ்டி விரதம்.

ரூபினி பொய்க்கு விரதம் இருந்தவள்தான், ஆனால் சாமி இல்லாதவள் இல்லை. உண்மையான சஷ்டியன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இரண்டு மாதமாகக் காய்ந்த வயிற்றுக்கு நேற்று வைத்த அந்தக் கால் முட்டைதான் போயிருக்கிறது. இன்றைக்கும் பட்டினி கிடந்தால் என்ன ஆவாள்? அண்டாவுக்கும் நாட்காட்டிக்கும் நடுவில் நான்கு தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை போனபோது வெள்ளிக்கிழமைத் தாளையும் கிழித்துக் கசக்கி வெங்காயத் தோல் கூடையில் போட்டேன். சுவரில் சனிக்கிழமை வந்துவிட்டது.

எட்டு மணிக்கு ரூபினி வந்தாள். மடித்து வைத்த இடத்திலேயே இருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஷர்மினி நகர்ந்து இடம் கொடுத்தாள். பதினொன்றரைக்கு எல்லாரும் தட்டோடு உட்கார்ந்தபோது ரூபினி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சஷ்டி. நீங்கதானே சொன்னீங்க."

"யாரு சொன்னா? நாட்காட்டியப் பாரு. சனிக்கிழமைன்னு போட்டிருக்கு."

அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். வெங்காயத் தோலுக்கு நடுவில் சிவப்பு எழுத்து கொஞ்சம் வெளியே தெரிந்தது. சரியாகப் புதைக்கக்கூட எனக்குத் துப்பில்லை. நான் கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முருகன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பழம் கிடைக்கவில்லை என்று மலை ஏறிப் போனவர்தானே, அவருக்குப் புரியாதா?

"அப்ப சஷ்டி முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சு. ஒக்காரு."

ரூபினி உட்கார்ந்தாள். சோற்றை வைத்துச் சாம்பார் ஊற்றினேன். யாரும் அவளைப் பார்க்காத மாதிரி எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான் அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன்.

"அக்கா" என்று குரல் வந்தது. திரும்பினேன். ரூபினி காலியான தட்டை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."